வழிநடைத் தருமமும் தஞ்சைச் சத்திரங்களும்

ஓர் ஊரில் குடமுழுக்கு நிகழ்கின்றது என்றால் அவ்வூர் முழுவதும் ஒரே வீடாக மாறிவிடுகின்றது. உள்ளூரில் வாழ்வோர் மட்டுமன்றி, பிழைப்பின் பொருட்டுச் சென்னை, பெங்களூர், மும்பை முதலிய நகரங்களிற் சென்று குடியேறியோரும், பெண் கொடுத்த ஊராரும், பெண் கொண்ட ஊராரும் திரண்டு வருகின்றனர். விமானத்தின்மீது கலசநீர் சொரியும் அந்த ஒரு நொடியைக் கண்ணாற் காண்பதற்காக இரவெல்லாம் வழி கடந்து வருவோர் எத்தனையோ பேர். அவர்கள் வந்து சேர்ந்தபின் உணவளிக்கவும், தங்குமிடம் தரவும் ஊரார் போட்டியிடுகின்றனர். ஆனால் அவர்கள் வரும் வழியைப் பற்றி நினைப்பவர் சிலரே.

நம் முன்னோர் அவ்வாறு இருந்தாரல்லர். கோயிலைக் கட்டியதோடு, கோயிலுக்கு வரும் வழியையும் அவர்கள் கட்டினார்கள். வழியைக் கட்டியதோடு, வழியில் இளைப்பாறும் இடங்களையும் கட்டினார்கள். தெய்வத்தைத் தொழச் செல்பவன் களைத்துப் போவான், பசித்துப் போவான், நோயுறவும் கூடும் என்பதை அவர்கள் முன்னரே எண்ணிப் பார்த்தார்கள். இவ்வறத்தின் வரலாற்றில் நம் தஞ்சை நாட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. மன்னார்குடிக்கு மேற்கும் வடக்கும் தெற்குமாக அமைந்த பழைய சத்திரங்களே அதற்குச் சான்று. அவற்றின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வதும், இன்று கார்களில் விரைந்து செல்லும் நமக்கு அவை கூறும் பாடம் யாது எனச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழமையும் பெயர்களும்

வழிப்போக்கருக்கு நீரும் நிழலும் தருவது இந்நாட்டில் மிகப் பழைய அறம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அசோக மன்னர் சாலைகளில் கிணறு தோண்டுவித்ததையும் மரம் நடுவித்ததையும் தம் கல்வெட்டுக்களிற் குறித்துள்ளார். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டில் இவ்வறங்களோடு சேர்த்துச் சோழர், பாண்டியர் முதலிய தென்னாட்டரசர் பெயர்களும் இடம் பெற்றிருப்பது நமக்குப் பெருமை தருவதாகும். எல்லைக்கு அப்பாற்பட்ட நாடுகளிலும் வழிநடையரின் துயர் துடைக்கப்பட்டது என்பதை அக்கல்வெட்டு உணர்த்துகின்றது.

தமிழில் இவ்வறத்துக்கு எத்தனை பெயர்கள்! அம்பலம், பொதியில், சாவடி, மடம், மண்டபம், சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பயன். வேனிற்காலத்தில் மட்டும் நீரும் மோரும் வழங்குவது தண்ணீர்ப்பந்தல். ஓரிரவு உடலைக் கிடத்த இடந்தருவது சாவடி. உறையுளோடு உணவும் அளிப்பது சத்திரம். இவையெல்லாவற்றினும் எளியது சுமைதாங்கி. இரண்டு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திவிட்டால் சுமைதாங்கி ஆயிற்று. தலைச்சுமையோடு வருபவன் பிறர் துணையின்றித் தன் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். இளைப்பாறியபின் மீண்டும் தானே தலையில் ஏற்றிக் கொள்ளலாம். கருவுற்றிருந்த பெண் மகப்பேற்றுக்கு முன்னரே இறந்துவிட்டால், அவள் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு சென்றவளுக்காக, பிறர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்! இதனினும் உருக்கமான அறம் வேறு எந்நாட்டிலும் உண்டோ என்பது ஐயமே.

மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் (1689–1706) சாலைகள் அமைத்து மரம் நட்டுச் சத்திரங்கள் எடுப்பித்த புகழ் இன்றும் மறையவில்லை. மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். வடநாட்டில் ஷெர்ஷா மன்னர் (1540–1545) நெடுஞ்சாலையில் சராய் என்னும் விடுதிகளை அடுத்தடுத்து அமைத்தார். ஜப்பானில் எடோ நகரிலிருந்து கியோட்டோ நகருக்குச் சென்ற பெருவழியில் 53 தங்கல் நிலையங்கள் இருந்தன. எனவே, நெடுவழி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் தங்கலும் உண்டு என்பது உலகியற்கை. ஆயின் தஞ்சைச் சத்திரங்களில் தங்கலோடு வேறு சில அறங்களும் சேர்ந்தன. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

நடையின் அளவே வழியின் அளவு

காசிக்குச் சென்றவன் சேதுவுக்குச் சென்றால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. சேதுவின் மணலைக் கங்கையில் சேர்ப்பதும், கங்கை நீரால் இராமநாதரை ஆட்டுவதும் யாத்திரையின் இரு முனைகள். இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த வழியை அக்காலத்து மக்கள் பெரும்பாலும் காலாலேயே கடந்தார்கள். மாதக்கணக்காக நடந்து வந்த வடநாட்டார் காவிரியில் நீராடியபின் தஞ்சைச் சீமையினூடே தெற்கு நோக்கிச் சென்றனர்.

அவ்வழி எளிய வழியன்று. காவிரிக் கழனிநாட்டில் ஆறுகள் கைவிரல்கள்போல் பிரிந்து ஓடுகின்றன. நீடாமங்கலத்தின் அருகே மூணாறு தலைப்பு என்னுமிடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அப்பாமணியாறே மன்னார்குடிக்கு வளமூட்டுவது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பொழிந்து ஆறுகள் பெருகினால், களிமண் பாதையில் காலெடுத்து வைப்பதே அரிது. நீர் வடியும்வரை காத்திருந்தே செல்லவேண்டும். தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலோ நிலைமை வேறு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணையும் அதனையொட்டிய கல்லணைக் கால்வாயும் வருவதற்கு முன்னர் அவை பெரும்பாலும் மேட்டுப்பாங்கான வறண்ட நிலங்கள். ஆகவே, வடபகுதியில் நீர் மிகுதியாலும், தென்பகுதியில் நீர்க் குறைவாலும் வழிப்போக்கர் இடர்ப்பட்டனர்.

இவ்விடரை அறிந்தே சத்திரங்கள் அமைந்தன. தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறக்குறைய அதே தொலைவு. மூட்டையோடும், குழந்தைகளோடும், முதியோரோடும் நடந்து செல்லும் ஒரு குடும்பம் ஒரு பகலிற் கடக்கக்கூடிய தொலைவு அதுதான். மனிதனுடைய காலின் ஆற்றல் எவ்வளவோ, அவ்வளவே வழியின் அளவாக வகுக்கப்பட்டது. கால் ஓயும் இடத்தில் சத்திரத்தின் திண்ணை இருந்தது. இந்நுட்பத்தை நாம் நன்கு கருத்தில் இருத்தவேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

அரசியர் பெயரால் எழுந்த அறங்கள்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் தத்தம் குலத்துப் பெண்டிர் பெயரால் சத்திரங்களை நிறுவினர். பிரதாபசிம்மர் காலத்தில் (1739–1763) அவர் அரசி யமுனாம்பாள் பெயரால் நீடாமங்கலத்தில் சத்திரம் எழுந்தது. அவ்வூரும் யமுனாம்பாள்புரம் எனப் பெயர் பெற்றது. இராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரமும், மீமிசலில் இராஜகுமாராம்பாள் சத்திரமும், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரமும் கடற்கரையையொட்டிச் சேது நோக்கிச் சென்றோரை வரவேற்றன. சேதுபாவாசத்திரம் என்னும் ஊரோ சத்திரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டுவிட்டது.

குடந்தையிலிருந்து நீடாமங்கலம் வழியாக வரும் சாலை மன்னார்குடியை அடைந்து, மதுக்கூர், பட்டுக்கோட்டை வழியே தென்கடற்கரையைச் சேர்கின்றது. முதற் குலோத்துங்க சோழன் (1070–1120) காலத்திலிருந்து சிறப்புற்று, விஜயராகவ நாயக்கரால் (1633–1673) பெரிதும் விரிவாக்கப்பட்ட இராஜகோபாலசுவாமி திருக்கோயிலும், கடல்போற் பரந்த ஹரித்ராநதித் தெப்பக்குளமும் வழிவருவோரை ஈர்த்து நிறுத்தும் பெருமையுடையன. நடந்து களைத்தவனுக்கு 23 ஏக்கர் பரப்பில் விரிந்த அந்நீர்ப்பரப்பைக் காண்பதே ஓர் இளைப்பாறல் அன்றோ! திருக்குளத்தின் படித்துறையும், கோயிலின் மண்டபமும், மதிலின் நிழலும் இறைவழிபாட்டுக்கு மட்டுமல்ல, வழிநடையரின் களைப்புக்கும் மருந்தாயின.

இவ்வறச்சாலைகளுள் முதன்மையானது ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) தம் அன்புக்குரியவளாக இருந்து மறைந்த முத்தாம்பாளின் நினைவாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எடுப்பித்தார். தன் பெயரால் அன்னசத்திரம் ஒன்று நிலவவேண்டும் என்பதே அம்மாதரசியின் இறுதி விருப்பம் என்பர். யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேர்போல அதன் முகப்பு அமைக்கப்பட்டுள்ளது. நிலையாக நின்று பிறருக்கு இடந்தரும் கட்டடத்தைச் செல்லும் தேராக வடித்த சிற்பியின் கற்பனை போற்றத்தக்கது. அன்பு கொண்டவளுக்கு மாளிகையோ சமாதியோ எழுப்பாமல், முகம் அறியாத வழிப்போக்கர் உண்டு உறங்கும் இடத்தை எழுப்பிய மன்னரின் உள்ளம் அதனினும் போற்றத்தக்கது.

நள்ளிரவில் ஒலித்த மணி

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் சென்றது. சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் அதனைச் சார்ந்த சிறுபகுதியுமே எஞ்சின. அந்நிலையில் அவர் எதனைக் குறித்து மிகவும் கவலையுற்றார் தெரியுமா? படையைக் குறித்தன்று, கருவூலத்தைக் குறித்தன்று. சத்திரங்களின் எதிர்காலத்தைக் குறித்தே கவலையுற்றார். 1801-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரின் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் இவ்வறத்தின் வரலாற்றில் ஒப்பற்ற ஆவணமாகும்.

அதில் மன்னர் கூறும் செய்திகளின் சாரம் வருமாறு: இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள இச்சத்திரங்களில் அந்தணர் முதல் பறையர் வரை, யோகிகள், சங்கமர், பைராகிகள் உள்ளிட்ட எல்லா வகை யாத்திரிகர்க்கும் சோறு அளிக்கப்படுகின்றது. சமைத்த உணவை ஏற்க விரும்பாதோர் அரிசியும் பிற பண்டங்களும் பெற்றுத் தாமே சமைத்துக் கொள்ளலாம். உணவு வழங்குதல் நள்ளிரவு வரை நிகழும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் இருப்பின் வந்து தமக்காக ஆக்கி வைத்த உணவைப் பெறுக என்று அறிவிக்கப்படும்.

இம்மணியை நாம் சிறிது செவிமடுத்துக் கேட்போமாக. வாயிலைத் தேடி வந்தவனுக்குச் சோறிடுதல் ஒருவகை அறம். இருளில் வழி தெரியாமல் தொலைவில் வந்து கொண்டிருப்பவன் காதில் விழும்படி, "உனக்கும் சோறு இருக்கின்றது, வா" என அழைத்தல் அதனினும் உயர்ந்த அறம். சத்திரத்து மடைப்பள்ளி அந்த மணி அடித்த பின்னரே ஓய்ந்தது. ஊர் அடங்கிய பின்னும் ஒருவன் பசித்திருக்கக்கூடும் என்னும் நினைவு அவ்வமைப்பிலேயே பதிந்திருந்தது.

கடிதத்தின் எஞ்சிய பகுதி இன்னும் வியப்பூட்டுவது. ஒவ்வொரு சத்திரத்திலும் நான்கு வேதங்களுக்கும் தனித்தனி ஆசிரியர் உண்டு. பள்ளி ஆசிரியர் ஒருவரும் உண்டு. நோய், வீக்கம், பாம்பு முதலியவற்றின் நஞ்சு ஆகியவற்றைத் தீர்க்கும் மருத்துவர்கள் உண்டு. வழியில் நோயுற்றோர்க்கு மருந்தும் பத்திய உணவும் அளித்து, குணமாகும்வரை அன்போடும் மரியாதையோடும் பேணுவர். ஏழைகளின் குழந்தைகளுக்குப் பால் வழங்கப்படும். கருவுற்ற பெண்டிர் பரிவோடு பேணப்படுவர். அவர்கள் சத்திரத்திலேயே மகவு ஈன்றால் அச்செலவைச் சத்திரமே ஏற்கும். மகப்பேற்றுக்குப் பின் மூன்று திங்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். பெற்றோரை இழந்த அயலூர்க் குழந்தைகள் ஆசிரியர் பொறுப்பில் வளர்க்கப்படுவர். அவர்களுக்கு நாள்தோறும் மூவேளை உணவு. நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் நீராட்டு. அவர்கள் விரும்பும் கலைகளிற் பயிற்சி. பின்னர் அவர்தம் திருமணச் செலவும் சத்திரத்தையே சாரும். வழியில் இறந்துபடுவோர்க்கு அவரவர் மரபுப்படி ஈமக்கடன் செய்யப்படும்.

நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் நீராட்டு என்பதைக் கவனித்தல் வேண்டும். பெற்ற தாய்தான் அத்தகைய கணக்கை வைத்திருப்பாள். யாரோ ஒரு வழிப்போக்கன் விட்டுச் சென்ற குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளை ஓர் அரசு நினைவில் வைத்திருந்தது! இத்தகைய அறங்களால் தஞ்சை நாடு தருமராஜ்யம் என அழைக்கப்படுகின்றது என்றும், தம் பதவிக்குரிய சிறப்புகளுள் அப்பெயரையே தாம் மிகவும் பெருமைக்குரியதாகக் கருதுவதாகவும் மன்னர் அக்கடிதத்தில் எழுதினார். ஆட்சி பறிபோன பின்னரும் சத்திரங்கள் அவர் பொறுப்பில் நீடித்தன. 1820 முதல் 1822 வரை ஏறத்தாழ 3,000 பேருடன் காசி யாத்திரை சென்று மீண்டவர் அவர். நெடுவழியின் வருத்தத்தை அவர் நூலிற் படித்து அறிந்தவரல்லர்; வழியிற் சென்றே அறிந்தவர்.

உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அக்காலச் சத்திரங்களில் பந்தி வேறுபாடும் உறைவிட வேறுபாடும் இருந்தன. ஒரு வகுப்பார்க்கே உரியன எனத் தனியார் கட்டிய சத்திரங்களும் பல. சமைத்ததை ஒருவன் ஏற்கலாம், மற்றொருவன் ஏற்கலாகாது என்னும் பிரிவும் அந்தக் கடிதத்திலேயே தெரிகின்றது. இவற்றையெல்லாம் காலம் மாற்றியது நன்மைக்கே. ஆயினும் பசித்தவன் எவனும் விடுபடலாகாது என்று நள்ளிரவில் அடித்த அந்த மணியின் கருத்து மாறத்தக்கதன்று.

இருப்புப்பாதை வந்தபின்

1855-ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்ததோடு தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்கள் நாளடைவில் உள்ளாட்சி வாரியங்களின் பொறுப்புக்கு மாறின. அவற்றின் வருவாயிலிருந்து பள்ளிகளும் மருத்துவச்சாலைகளும் பயன் பெற்றன. அறம் முற்றும் அழிந்துவிடவில்லை, உருமாறியது எனலாம். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பிற்காலத்தில் மாணவர்கள் தங்கிப் பயின்றனர்.

ஆனால் வழிநடையர் கூட்டம் குறைந்தது. 1861-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் யாத்திரிகர் வண்டியிலிருந்து இறங்காமலே இராமேசுவரத் தீவை அடைந்தனர். 1915-ஆம் ஆண்டில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கும் இருப்புப்பாதை வந்தது. நாட்கணக்கில் நடந்த வழி சில நாழிகையாகச் சுருங்கியது. புகைவண்டிக்குக் களைப்பில்லை, எனவே பத்துக் கல்லுக்கு ஒரு சத்திரமும் அதற்குத் தேவையில்லை. கூரை விரிசலுற்றது, திண்ணையில் அரசங்கன்று முளைத்தது, ஊர்ப்பெயரில் மட்டும் சத்திரம் எஞ்சியது.

மன்னார்குடிப் புகைவண்டியும் 1976-ஆம் ஆண்டில் நின்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 2011-ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. அந்த இடைக்காலத்தில் சாலையே ஊராரின் கதியாயிற்று. முதலிற் பேருந்து, பின்னர் வாடகைக் கார், இன்று வீட்டுக்கொரு வண்டி என்னும் நிலை. 1988-ஆம் ஆண்டில் பாம்பன் கடல்மேற் சாலைப்பாலமும் திறக்கப்பட்டபின், காசியிற் புறப்பட்ட காரும் சேதுவரை சக்கரம் நிற்காமற் செல்ல இயலும் என்றாயிற்று. இங்ஙனம் மக்கள் மீண்டும் சாலைக்கு வந்தனர். ஆனால் சாலைக்குச் சத்திரங்கள் மீளவில்லை.

காருக்குக் காலில்லை

முன்னர்க் கூறிய நுட்பத்துக்கு இப்போது வருவோம். நடப்பவனுக்கு எங்கே நிற்கவேண்டும் என்பதை அவன் காலே கூறிவிடும். மாட்டு வண்டியில் செல்பவனுக்கு மாடு கூறிவிடும். காருக்குக் காலில்லை, எண்ணெய் உள்ளவரை அது ஓடும். ஆயின் அதனை ஓட்டுபவன் நம்மைப்போல் ஊனுடம்பு உடையவன். வண்டி களைக்காதது கண்டு, ஓட்டுபவனும் களைக்கமாட்டான் என எண்ணுவதே இக்காலத்துப் பெரும்பிழை.

உடலுக்கென்று ஒரு நாட்கணக்கு உண்டு. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி முதல் விடியல் வரையிலும், பகலுணவுக்குப் பின் சிறிது நேரமும் உறக்கம் தானே வந்து கவியும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. பதினேழு மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும், அளவாக மது அருந்தியவனுடையவை போலத் தடுமாறும் என 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கின்றது. ஓட்டுபவன் மூன்று நொடி கண்ணயர்ந்தால், அறுபது மீட்டருக்கு மேல் அவ்வண்டியை ஓட்டுவார் எவருமில்லை என்பது பொருள். அந்த அறுபது மீட்டருக்குள் ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரும் இருக்கலாம். ஒரு பாதயாத்திரைக் கூட்டமும் இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனிப் பெருவிழாவின் வெண்ணெய்த்தாழிச் சேவைக்காகச் சென்னையிலிருந்து சிலர் இரவோடிரவாகக் காரில் வந்தோம். வழி 300 கிலோமீட்டருக்கு மேல். கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு வந்ததும், மணி மூன்றைத் தாண்டியிருந்த வேளையில், ஓட்டி வந்த இளைஞர் வண்டியை ஓரமாக நிறுத்தி, "ஐயா, கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொள்ளட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குச் சிறிது சினம் உண்டாயிற்று என்பதை ஒளிக்காமற் கூறுகின்றேன். "இன்னும் இரண்டு மணி நேரந்தானே? போய்ச் சேர்ந்து தூங்கலாமே" என்றேன். பின்னிருக்கையில் இருந்த எங்கள் பெரியம்மாள் உடனே குறுக்கிட்டு, "பெருமாள் எங்கேயும் போய்விடமாட்டார். பிள்ளை தூங்கட்டும்" என்றார். அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

அந்த இளைஞர் இருக்கையைச் சாய்த்துக் கொண்ட மறுநொடியே உறங்கிப் போனார். எவ்வளவு களைப்பிருந்தால் அவ்வாறு உறங்க இயலும்! அவ்வுறக்கத்தைக் கண்டபோதுதான், அதுவரை எங்கள் அனைவருடைய உயிரும் எதன்மேல் தொங்கிக் கொண்டிருந்தது என்பது எனக்கு விளங்கியது. இருபது நிமிடங்களில் அவர் எழுந்து முகங்கழுவிக் கொண்டார். மன்னார்குடிக்கு உரிய காலத்தில் வந்து சேர்ந்தோம். வெண்ணெய்த்தாழிக் கோலத்தில் எழுந்தருளிய கோபாலனைக் கண்ணாரக் கண்டோம். அன்று நான் வேண்டிக் கொண்டது ஒன்றே: என் நாவிலிருந்து வந்த அந்தச் சொல்லை மன்னித்தருள வேண்டும் என்பது.

நெடுவழியில் இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் நிறுத்தி இறங்கி நடத்தல் வேண்டும் என்பர் அறிந்தோர். உறக்கம் வந்தால் காப்பி குடித்து உடனே புறப்படுதல் போதாது; அது உடலிற் சேர்ந்து வேலை செய்ய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். பதினைந்து, இருபது நிமிட உறக்கமே நேரான மருந்து. முதியோர் ஒரே இருப்பாக நெடுநேரம் இருந்தால் கால் வீங்கும். குருதி உறைந்து கட்டுதலும் உண்டு. பெண்டிர் படும் துன்பமோ வெளியிற் சொல்லப்படாதது. வழியில் தூய கழிப்பிடம் கிடைக்குமோ என்னும் அச்சத்தால் புறப்படும்போதே தண்ணீர் குடியாமல் வருவோர் எத்தனை பேர்! கருவுற்றோரையும் கைக்குழந்தையையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நினைத்துப் பார்த்த நாட்டில் இந்நிலை இருத்தல் நமக்குத் தகுமா?

அரசாங்கம் இதனை எண்ணாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி ஒருவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணி செய்யாதவாறு இடையே அரைமணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என விதித்தது. ஆனால் அது போக்குவரத்து நிறுவனங்களுக்கே உரியது. நம் வீட்டு வண்டியை ஓட்டுபவரையும், சொந்தக் காரை ஓட்டும் நம் பிள்ளைகளையும் அது தீண்டவில்லை. நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக வழியோர வசதியிடங்கள் அமைப்பதென தேசிய நெடுஞ்சாலைத் துறையினர் அண்மையாண்டுகளில் திட்டமிட்டனர். மனித ஆற்றலை அளந்து வழியை வகுக்கும் பழைய கணக்கு மீண்டும் வருவது கண்டு மகிழலாம். எனினும் விலை கொடுப்பவன் இளைப்பாறும் இடம் வேறு. வந்தவன் எவனாயினும் இளைப்பாறும் இடம் வேறு. முன்னது வாணிகம்; பின்னதே சத்திரம்.

திருப்பணியில் ஒரு பணி

குடமுழுக்கின் பொருட்டு அன்பர்கள் பொருளை வாரி வழங்குகின்றனர். ஒருவர் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுகின்றார். ஒருவர் கலசத்துக்குப் பொன் பூசுகின்றார். ஒருவர் மடைப்பள்ளிக்குப் பாத்திரம் அளிக்கின்றார். அவர்கள் திருவுள்ளத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றேன். கோயிலை அடுத்து ஒரு சிறு கூடம், அதில் பத்துப்பேர் படுக்கப் பாய், குடிக்க நீர், பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் தனித்தனியே தூய கழிப்பிடம். இது போதும். யாத்திரிகர்க்கு மட்டுமன்று, அவர்களை ஏற்றி வந்த ஓட்டுநர்க்கும் அது திறந்திருக்கவேண்டும். நாம் அனைவரும் சன்னிதியில் நின்று சேவிக்கும்போது, வெளியே வெயிலில் வண்டிக்குள் முடங்கிக் கிடப்பவர் அவர்தாம். அன்றிரவே நம்மைத் திரும்பவும் கொண்டு சேர்க்க வேண்டியவரும் அவர்தாம். அவருக்குப் பிரசாதம் கொடுப்பவர் உண்டு. பாய் கொடுப்பவர் உண்டோ?

கூடம் கட்ட இயலாதவர் தம் வீட்டுத் திண்ணையைத் தரலாம். அதுவும் இல்லாதவர் பயணம் செய்கையில் ஓட்டுபவரை நோக்கி, "தம்பி, சற்று இளைப்பாறிச் செல்வோம்" என்று தாமே முன்வந்து சொல்லலாம். அச்சொல்லும் ஒரு சத்திரமே. அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே கூறுதல்தான் நள்ளிரவில் அடித்த மணிக்கு ஒப்பாகும்.

இளைப்பாறுதல் யாத்திரைக்குத் தடையன்று. அது யாத்திரையின் ஓர் உறுப்பு. நம் பெரியோர் வழியில் தங்கிய ஒவ்வோர் இரவிலும் ஒரு குளத்தில் நீராடினர். ஓர் ஊரின் தெய்வத்தைத் தொழுதனர். அறியாத ஒருவரோடு அமர்ந்து உண்டனர். சேதுவை அடையும்போது அவர்கள் பாதி நாட்டைத் தம் உறவாக்கிக் கொண்டிருந்தனர். நாமும் விரைவு சற்றே தணிந்து, நின்று, இளைப்பாறி, நலமாக வந்து சேர்வோமாக. குடமுழுக்குக் காண வந்தவர் அனைவரும் வந்தபடியே நலமாகத் தம் இல்லம் மீள, செண்டலங்காரப் பெருமாளின் திருவருள் வழித்துணையாக நிற்பதாக! வழிநடைத் தருமம் வாழ்க!